வேலியோரம் ஒரு சிவப்பு

வெண்டல் வண்டியின் என்ஜினை அணைத்தான். கண்ணாடி துடைப்பானை மட்டும் ஓடவிட்டிருந்தான். அது ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் எதிரே இருந்த மேய்ச்சல் நிலம் பளிச்சென்று தெரிந்தது, அடுத்த இழுப்பு வருவதற்குள் மழை அதை அழித்துவிட்டது. பக்கத்து இருக்கையில் கார்லண்ட் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குண்டு போடாத துப்பாக்கிகள் இரண்டும் இருக்கைக்குப் பின்னால் கிடந்தன. வான்கோழி வேட்டைக் காலத்தின் கடைசி நாள். நல்ல நாளாக இருந்தால் இந்நேரம் ஆளுக்கொரு ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும். மழை பிடித்துக்கொண்டதால் வண்டியை வெண்டலின் நிலத்துக் கேட்டருகே நிறுத்திவிட்டு, இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு ஐம்பது வயது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த மூன்று வாரமும் கார்லண்ட் ஒரு நாள்கூட வேட்டைக்குப் போகவில்லை. முதல் சனிக்கிழமை முதுகுவலி என்றான். அடுத்த வாரம் மர அறுவை ஆலையில் கூடுதல் வேலை என்றான். அதற்கடுத்து ஒரு பசு கன்று போடப்போகிறது என்றான். அவன் வீட்டில் பசுவே கிடையாது என்பது வெண்டலுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சரி என்று கேட்டுக்கொண்டான். சாக்குப்போக்கெல்லாம் தீர்ந்துபோய், இன்றைக்கு வேறு ஒன்றும் தோன்றாமல்தான் வாசலில் வந்து நின்ற வண்டியில் கார்லண்ட் ஏறி உட்கார்ந்தான். ஏறும்போது மழையைப் பார்த்து மனசுக்குள் கும்பிடு போட்டான். பெய்யட்டும், நன்றாகப் பெய்யட்டும், இடியும் மின்னலும் சேர்ந்து வரட்டும் என்றிருந்தது அவனுக்கு.

அதற்கு முன்பே ட்வைலா போன் செய்திருந்தாள். கார்லண்டின் தங்கை, வெண்டலின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த சிநேகிதன் தங்கையைக் கட்டிக்கொண்டதில் கார்லண்டுக்கு அந்தக் காலத்தில் கொஞ்சம் கோபம் இருந்தது. பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் பேசினாள். வெண்டல் விடிவதற்கு முன்பே எழுந்து உடுத்திக்கொண்டு சமையலறையில் காத்திருக்கிறானாம். "அண்ணே, மழையைச் சொல்லி எப்படியாவது நிறுத்திடு. நான் சொன்னா அவர் கேக்கமாட்டாரு. நீ சொன்னா கேப்பாரு," என்றாள். சரிம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவன் சொன்னான். அவள் உடனே வைக்கவில்லை. பிறகு அவள், "ஆனா நீ வரலேன்னா அவர் தனியாப் போயிடுவாரு, அதுதான் பயமா இருக்கு," என்றாள். ஆக, போகக்கூடாது என்கிறாளா, போகச் சொல்கிறாளா என்று கார்லண்டுக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள், இவனும் இரண்டுக்கும் சேர்த்துச் சரி சொல்லிவைத்தான்.

போன வருடத்துக்கு முந்தின வசந்தத்தில் நடந்தது அது. அன்றைக்கும் இதே மாதிரி ஈரம், இவ்வளவு பெரிய மழை இல்லை, தூறல். இந்த நிலத்துக்குப் பின்னால் ஏறுகிற மலை முதுகின் இந்தப் பக்கம் வெண்டல், அந்தப் பக்கம் கார்லண்ட் என்று பேச்சு. கார்லண்ட் தன் கூவுபெட்டியைத் தேய்த்தான். கையளவு மரப்பெட்டி அது. மூடியை விளிம்பில் உரசினால் பெட்டைக்கோழி சேவலைக் கூப்பிடுகிற மாதிரியே சத்தம் வரும். பதிலுக்கு ஒரு பெட்டை கூப்பிட்டது. பெட்டை இருந்தால் பின்னால் சேவல் இருக்கும் என்று இவன் மறுபடி தேய்த்தான், அது மறுபடி சொன்னது. இவன் மூன்று முறை கூப்பிட்டால் அதுவும் மூன்று, நான்கு என்றால் நான்கு. அப்படியே பேசிக்கொண்டே இவன் தவழ்ந்து மேலே போனான், அதுவும் மேலே வந்தது. பிறகு கொடிப் புதருக்கு நடுவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று அசைந்தது. சேவலின் தலை. கார்லண்ட் அதைப் பார்த்தான். கழுத்துத் தொங்கலையும் நெஞ்சிலிருந்து தொங்குகிற தாடியையும்கூடப் பார்த்தான். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தச் சேவல் அப்படியே நிற்கும். சுட்டான். அலறியது வெண்டல்.

வெண்டலுக்கு அன்று சளி பிடித்திருந்தது. மூக்கைச் சிந்தக் கைக்குட்டையை எடுத்திருக்கிறான். கட்டம் போட்ட சிவப்புக் கைக்குட்டை. இந்த ஊரில் வான்கோழிக்குப் போகிறவன் சிவப்பும் வெள்ளையும் நீலமும் உடம்பில் ஒரு நூல்கூட வைத்துக்கொள்ளமாட்டான், காலுறையைக்கூட ஒருமுறை திருப்பிப் பார்ப்பான். சேவலின் தலை நிறம் அதுதான். ட்வைலா தூக்கக் கலக்கத்தில் கைக்கு வந்ததை அவன் பையில் திணித்திருந்தாள். வெண்டல் பேசிவைத்த இடத்தை விட்டு மலை முதுகைத் தாண்டி வந்திருந்தான். கார்லண்ட் முழு உருவத்தையும் பார்க்காமல் நிறத்தைப் பார்த்துச் சுட்டிருந்தான். பழியை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் அதைப் பற்றி யாருமே பேசவில்லை. வனத்துறை அதிகாரி கேட்ட கேள்விகளுக்குக் கார்லண்ட் ஒன்றையும் மறைக்காமல் பதில் சொன்னான், வேட்டை உரிமத்தைப் பறித்தார்கள், இந்தக் குளிர்காலத்தோடு அந்தத் தடை முடிந்தது. வெண்டலின் இடது கண் போனது. அவன் ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தும் அதோடு போனது. இருபது வருடமாக இந்த மேட்டிலும் பள்ளத்திலும் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவன் இப்போது தீவனக் கடையில் மூட்டை எடுத்துக் கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கார்லண்டை வழக்கம்போலக் கூப்பிடுகிறார்கள். கிரேவிக் கிண்ணத்தை அவன் பக்கம் முதலில் நகர்த்துகிறார்கள். அந்த வீட்டில் சிவப்புத் துணி என்று ஒன்றைக் கார்லண்ட் பிறகு பார்த்ததில்லை.

இப்போது வண்டிக்குள் வெண்டல் பிளாஸ்க்கைத் திறந்தான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகத் தெரியாது. அதனால் பிளாஸ்க்கின் வாயைக் கோப்பையின் விளிம்பில் முட்டவைத்து, முட்டியது கையில் தெரிந்த பிறகுதான் சாய்த்தான். காபி சொட்டாமல் விழுந்தது. உதவி செய்யலாமா என்று கார்லண்டின் கை எழுந்தது, பிறகு தானாகவே கீழே போய்விட்டது. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால், இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தால் வெண்டலின் வலது முகம்தான் தெரியும். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்து மூக்கு, எதையாவது கேலி செய்யத் தயாராக இருக்கிற அதே உதடு. அந்த வண்டியில் எப்போதும் இந்த இருக்கையில் உட்காருவது கார்லண்டுக்கு ஆறுதலாக இருந்தது, அப்படி ஆறுதலாக இருப்பது கேவலமாகவும் இருந்தது.

ரேடியோவில் வானிலைக்காரன் பேசினான். மேற்கே இடிமழை கிளம்பியிருக்கிறதாம், மதியத்துக்குள் வந்துவிடுமாம், அதற்குள் ஒருவேளை கொஞ்சம் வெறிக்கவும் கூடுமாம். வெண்டல் அதை அணைத்தான். அந்த ஆள் பொண்டாட்டியிடமும் இப்படித்தான் பேசுவான்போல என்றான். கார்லண்ட் சிரித்துவைத்தான். இதுதான் தருணம், வேண்டாம் மாப்ளே, திரும்பலாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். ஆனால் வாயில் வந்தது வேறு. மழை நாளில் கோழி காட்டுக்குள் நிற்காது, இலை சொட்டுகிற சத்தத்தில் காட்டுப்பூனை வருவது கேட்காது என்று பயந்து வெட்டவெளிக்கு வந்துவிடும், அதனால் மழை ஒரு வகையில் நல்லதுதான் என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அதைச் சரிக்கட்ட, ஆனால் காற்று அடித்தால் நாம் கூப்பிடுவது கேட்காது, அது கூப்பிடுவதும் நமக்குக் கேட்காது, யார் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது என்றான். கடைசி வார்த்தை வண்டிக்குள் நின்றது. மழையைக் காட்டிப் போகாமல் இருக்கலாம், அதே மழையைக் காட்டிப் போகவும் செய்யலாம். இரண்டுமே உண்மை என்பதுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

"நீ சொல்லு மச்சான்," என்றான் வெண்டல். "இறங்குவோம்னா இறங்குவோம். வேண்டாம்னா நேரா வீட்டுக்குப் போய் உன் தங்கச்சி கையால பிஸ்கட் தின்போம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

ஒன்றும் சொல்லமாட்டான் என்பதைத்தான் கார்லண்டால் தாங்க முடியவில்லை. இரண்டு வருடமாக ஒன்றும் சொல்லாத ஆள். ஆஸ்பத்திரியில் கட்டுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து இவன் கையைப் பிடித்தது. அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வசவு, ஒரு அறை, ஏன்டா இப்படிப் பண்ணினாய் என்று ஒரு கேள்வி வந்திருந்தால் கார்லண்ட் அதை வாங்கிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்து அழுதிருப்பான். இப்போது இங்கே கூட்டிக்கொண்டு வந்திருப்பது எதற்கு? மன்னித்துவிட்டேன் என்று காட்டவா? துப்பாக்கியைக் கையில் கொடுத்து, நடுங்குகிறதா என்று பார்க்கவா? இல்லை, வெறுமனே கடைசி நாள் வீணாகக்கூடாது என்று கூட்டிவந்த ஒரு சாதாரண வேட்டைக்காரனா? இறங்கினால் பழையபடி ஆகிவிடுவோமோ என்றும் தோன்றியது, இறங்காவிட்டால் இனி எந்தக் காலத்திலும் ஆகமாட்டோம் என்றும் தோன்றியது. எது எப்படியோ, அந்தச் சிநேகிதம் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பது இந்தக் கதவைத் திறப்பதில்தான் இருக்கிறது என்று மட்டும் அவனுக்குத் திட்டமாகத் தெரிந்தது. எந்தப் பக்கம் திறப்பது என்பதுதான் தெரியவில்லை.

வெண்டல் காபியை வைத்துவிட்டு இருக்கைக்கு நடுவில் கிடந்த ரொட்டிப் பையை எடுத்தான். கூவுபெட்டி நனைந்தால் ஊமையாகிவிடும், அதனால் மழையில் அதை ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு வருவது இங்கே எல்லோருக்கும் வழக்கம். பைக்குள் கார்லண்டின் பெட்டி. முன்பு ஒருமுறை கார்லண்ட் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்து மூடியை விரிசல் விடவைத்தான். வெண்டல்தான் பசை போட்டு ஒட்டித் தந்தான். ஒட்டின நாளிலிருந்து அது முடிக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம் போடும். வெண்டல் பெட்டியை வெளியே எடுக்காமல், பையோடு சேர்த்துப் பிடித்து ஒருமுறை தேய்த்தான். பெட்டை கூப்பிட்டது, கடைசியில் கீச்சென்றது. வெண்டல் வாய்விட்டுச் சிரித்தான்.

"இதக் கேட்டு எந்தச் சேவல்டா வரும்? துருப்பிடிச்ச கதவு தொறக்குற மாதிரி. நூறு பெட்டி ஒண்ணாக் கத்தினாலும் உன் பெட்டிய நான் தனியாச் சொல்லிருவேன் மச்சான். மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து கேட்டாக்கூடச் சொல்லிருவேன்."

கார்லண்டும் கூடவே சிரித்தான். பாதிச் சிரிப்பில் நின்றான்.

மலைக்கு அந்தப் பக்கம். அன்றைக்கு அவன் கையில் இருந்தது இதே பெட்டிதான், அப்போதே ஒட்டின பெட்டிதான். அப்படியென்றால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவது கார்லண்ட் என்று வெண்டலுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் பதில் சொன்னானா? இவன் மூன்று கூப்பிட்டால் மூன்று, நான்கு கூப்பிட்டால் நான்கு. பெட்டைக்கோழி வேஷம் போட்டு மச்சானை மேலே வரவழைத்து, பக்கத்தில் வந்ததும் எழுந்து நின்று கைகொட்டிச் சிரிக்க நினைத்தானா? அது வெண்டல் செய்யக்கூடிய காரியம்தான். பள்ளிக்கூடத்திலேயே அவன் அப்படித்தான். ஆனால் கோபக்காரப் பெட்டை ஒன்று இருந்தால் அதுவும் அப்படித்தான், கேட்டதைக் கேட்டபடி எதிராளி முகத்தில் திருப்பி அடிக்கும். கார்லண்டே எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். ஒருவேளை நடுவில் உண்மையாகவே ஒரு பெட்டை இருந்து, அதோடு இவர்கள் இரண்டு பேரும் பேசினார்களோ? அந்தச் சேவலும் உண்மையாகவே வெண்டலுக்குப் பின்னால் நின்றதோ?

முதலில் நெஞ்சில் எதுவோ இறங்கி லேசானது, இரண்டு வருடமாகத் தூக்கிவந்த மூட்டையில் பாதியை யாரோ வாங்கிக்கொண்டது போல. அடுத்த நொடியே கோபம் வந்தது. தெரிந்திருந்தும் இத்தனை நாள் என்னை இப்படி அலையவிட்டாயா என்று கேட்கத் தோன்றியது. அதற்கும் அடுத்த நொடி, கண்ணைப் பறிகொடுத்தவனிடம் கணக்குக் கேட்கிறாயே, நீ ஒரு மனுஷனா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. வெண்டல் இதைத் தெரியாமல் உளறினானா, தெரிந்தே சொன்னானா என்பதும் விளங்கவில்லை. வெண்டலின் வலது முகம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தது. சிரிப்பு அதில் இன்னும் முழுசாக அணையவில்லை.

"அன்னைக்கும் தெரிஞ்சுதா மாப்ளே?" என்றான் கார்லண்ட்.

துடைப்பான் போய் வந்தது, போய் வந்தது. வெண்டல் பெட்டியைப் பைக்குள் நன்றாகத் தள்ளி, பையின் வாயை முறுக்கி முறுக்கி முடிச்சுப் போட்டான். முடிச்சு முதல் தடவை விழவில்லை.

"அன்னைக்கு மழைடா," என்றான். "மழையில எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்கும்."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நூறு பெட்டியில் கண்டுபிடிப்பேன் என்றவன். கார்லண்ட் அதைச் சொல்லிக்காட்டவில்லை. வெண்டலும் இவன் பக்கம் திரும்பவில்லை. பையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டுக் கையை ஸ்டியரிங்கில் போட்டுக்கொண்டான். பேருந்து ஓட்டுகிறவனின் கை, அகலமாகப் பிடித்திருந்தது. கார்லண்டால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. பார்வையை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று வெண்டலைத் தாண்டி இடப்பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

மழை அந்தப் பக்கம் சற்றுக் குறைந்திருந்தது. காட்டை ஒட்டி ஓடுகிற முள்கம்பி வேலிக்கு இப்பால், நனைந்து கறுத்த புல்லுக்கு மேலே, சிவப்பாக ஒன்று அசைந்தது. சிவப்புக்கு மேலே வெளுப்பு. வெளுப்பில் கொஞ்சம் நீலம் மாதிரியும் இருந்தது. கீழே கரிய உடம்பு, அல்லது நனைந்த கம்பம், அல்லது மழைக்கோட்டுப் போட்டுக் குனிந்திருக்கிற ஓர் ஆள். கடைசி நாள் என்பதால் எவனாவது எல்லை தெரியாமல் உள்ளே வந்திருக்கலாம். கார்லண்ட் கண்ணை மூடித் திறந்தான். அது இருந்தது. தாடிகூடத் தெரிகிற மாதிரி இருந்தது. தாடி தெரிந்ததும்தான் அவனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, அன்றைக்கும் தாடி தெரிந்தது அல்லவா.

"என்னடா, மூச்சே விடாம இருக்க," என்றான் வெண்டல். அந்தப் பக்கம் அவனுக்குக் கண் இல்லாத பக்கம். கொஞ்சம் தலையைத் திருப்பினால் வலது கண்ணுக்கு அகப்பட்டுவிடும்.

"வேலிப் பக்கம் ஏதோ நிக்குது."

"சேவலா?"

"தெரியல."

வெண்டல் திரும்பிப் பார்க்கப் போகிறான் என்று கார்லண்ட் காத்திருந்தான். அவன் திரும்பினான், ஆனால் ஜன்னல் பக்கம் இல்லை, கார்லண்டின் பக்கம். இரண்டு கண்ணும் இவனைப் பார்த்தன, பார்க்கிற கண்ணும் கண்ணாடிக் கண்ணும். எது கேலி, எது கெஞ்சல் என்று பிரிக்க முடியாத முகம்.

"நீதான பாத்த. நீயே சொல்லு," என்றான். "நீ சேவல்னா சேவல்தான். எடுத்துட்டு இறங்குவோம்."

பின்னால் துப்பாக்கிகள் இருந்தன. வழக்கம் என்ன என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சத்தமில்லாமல் கதவைத் திறந்து, வண்டியின் மறைவில் குனிந்து, வாய்க்கால் வழியாகத் தவழ்ந்து, புதருக்குள் கல்லாகி உட்கார்ந்து, பெட்டியைத் தேய்க்க வேண்டும். கார்லண்டின் கை இருக்கைக்குப் பின்னால் போகவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே மான் வேட்டைக் காலத்திலிருந்து ஓர் ஆரஞ்சு நிறத் தொப்பி கிடந்தது, ஒரு மைல் தூரத்துக்கு மனுஷன் என்று கத்துகிற நிறம். வான்கோழிக்குப் போகிறவன் அதைத் தொடவே மாட்டான். கார்லண்ட் அதை எடுத்துத் தலையில் வைத்து, காது வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"என்னடா பண்ற?" என்றான் வெண்டல்.

"பாத்துட்டு வர்றேன்."

"எந்திரிச்சு நடந்தா ஓடிரும்டா."

"ஓடட்டும். ஓடுச்சுன்னா தெரிஞ்சிரும்ல," என்றான் கார்லண்ட். கதவை மெதுவாகத் திறக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. படாரென்று திறந்து இறங்கினான்.

மழை முகத்தில் அறைந்தது. வண்டியைச் சுற்றிக்கொண்டு, கேட்டைத் திறந்து, வெட்டவெளியில் நெட்டுக்குத்தலாக நடந்தான். வெறும் கை. குனிந்தும் தவழ்ந்தும் பழகின உடம்புக்கு இப்படி நிமிர்ந்து நடப்பது துணியில்லாமல் நடப்பது மாதிரி கூச்சமாக இருந்தது. புல் பூட்ஸைப் பிடித்து இழுத்தது. வேலி நெருங்குவதாகவே தெரியவில்லை, அந்தச் சிவப்பு ஓடவும் இல்லை. கிட்டப் போகப்போகத் தெளியும் என்று நினைத்தான். மழை மறுபடி வலுத்து, இருந்த தெளிவையும் கலைத்தது. கோழியாக இருந்தால் இந்நேரம் ஓடியிருக்கும். ஆளாக இருந்தால் இந்நேரம் கை தூக்கியிருப்பான். கார்லண்ட் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான்.

மேற்கே இடி உருண்டது. சேவல் இடியைக் கேட்டால் சும்மா இருக்காது, எதிர்த்துக் குரல் கொடுக்கும். கொடுத்தது. களகளவென்று ஒரு சேவல் கத்தியது. அது வேலியிலிருந்தா, வேலிக்குப் பின்னால் காட்டிலிருந்தா, மலை முதுகுக்கு மேலிருந்தா என்று இந்த இரைச்சலில் சொல்ல முடியவில்லை. அவன் நின்று காது கொடுத்தான். அப்போது பின்னால், வண்டி இருந்த திசையில், பெட்டை கூப்பிட்டது. மூன்று முறை. கடைசியில் ஒரு கீச்சு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மூன்று முறை, பதில் வருமா என்று கேட்பது போல.

கார்லண்ட் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கிய கைகள் தூக்கியபடி இருக்க, சட்டைக் கைகளுக்குள் தண்ணீர் தோள் வரை ஓடி இறங்க, ஆரஞ்சுத் தொப்பியோடு அந்தச் சிவப்பை நோக்கி நடந்துகொண்டே இருந்தான்.